டைரியில் வந்த 'தேங்க்ஸ்'

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடிக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. எங்கள் வீடு சுசீந்திரம் பக்கம். நாகர்கோவிலில் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் பொரிக்கும் வேலை எனக்கு. மகள் அப்போது டவுனில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாம் வகுப்பு. நான் படித்தது தமிழ் மீடியத்தில், பத்தாவது வரை.

பள்ளியிலிருந்து போனுக்கு வரும் செய்திகளைப் படித்துப் படித்தே கொஞ்சம் இங்கிலீஷ் பழகியிருந்தேன். 'டியூ டு ஹெவி ரெயின்' என்று வந்தால் மழையால் லீவு. 'ஆன் அக்கவுண்ட் ஆஃப் ஃபெஸ்டிவல்' என்று முதலில் வந்தபோது, திருவிழாவுக்கும் பேங்க் அக்கவுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிப் போனேன். அதுவும் 'காரணமாக' என்பதுதான் என்று மகள் சொல்லித் தந்தாள். 'பிகாஸ் ஆஃப்' எனக்கே தெரியும். சமாளிக்க இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தேன்.

அன்று மகள் பஸ்ஸை விட்டுவிட்டு, சாரலில் நனைந்து, ஆறரை மணிக்கு வந்தாள். முகமே சரியில்லை. கையெழுத்துக்காக டைரியை நீட்டினாள். சிவப்பு மையில் ஒரு வரி. 'தேங்க்ஸ் டு யுவர் டாட்டர், தி ஹோல் கிளாஸ் ஸ்டேய்ட் பேக் டில் ஃபைவ்.'

தேங்க்ஸைப் பார்த்ததுமே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் போனில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'உங்கள் மகளுக்கு நன்றி, வகுப்பு முழுவதும் ஐந்து மணி வரை தங்கியிருந்தது' என்று காட்டியது. பிள்ளை எல்லாரையும் உட்கார வைத்துப் படிக்க வைத்திருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

"மிஸ் ஒனக்கு தேங்க்ஸ் எழுதியிருக்காவ, சொல்லவே இல்லியே மக்கா!" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கடையில் சூடாகப் பொரித்த சிப்ஸ் ஒரு கிலோ கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்கள் அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பொட்டலத்தை வகுப்பு டீச்சரிடம் கொடுத்து, கையோடு கொண்டுபோன டைரியைக் காட்டி, என் மகளைப் பாராட்டி எழுதியதற்கு நன்றி சொன்னேன். அவர் டைரியை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அந்த வரியை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். அறையே சிரித்தது.

"ஐயோ அம்மா, இது அந்த தேங்க்ஸ் இல்ல. உங்க பொண்ணாலதான் மொத்த கிளாஸும் அஞ்சு மணி வரைக்கும் இருக்க வேண்டியதாப் போச்சுன்னு எழுதியிருக்கேன். நீங்க நன்றி சொல்ல வந்துட்டீங்க!"

இதற்குள் பக்கத்து மேஜைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். வாயில் சிப்ஸை வைத்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. டைரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று முழுக்க அடுப்பைவிட நான்தான் கூடுதலாகக் கொதித்தேன். இரண்டு ஈடு சிப்ஸ் கருகிப்போய் முதலாளியிடமும் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் மகள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"ஏட்டி, நேத்தே சொல்லியிருக்கலாம்லா? நாலு பேரு முன்னால என்னக் கோமாளியாக்கிட்டியே!"

விக்கி விக்கி அழுதபடி அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நடந்தது தெரிந்தது. டீச்சரைப் போலவே ஒரு படத்தை யாரோ கரும்பலகையில் வரைந்திருக்கிறார்கள். வரைந்தது யார் என்று இவளுக்குத் தெரியும். காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். இவள் வாயைத் திறக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று டீச்சர் வகுப்பையே பிடித்து வைத்துவிட்டார்.

"அப்போ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீ அவ்ளோ சந்தோசப்பட்டியேம்மா. எப்பிடிச் சொல்லுவேன்?"

அவள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. டைரியோடு நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போய் நின்றேன். டீச்சரையும் வரச் சொன்னார்கள். "இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றது வழக்கம்தாம்மா" என்றார் டீச்சர்.  நான் விடவில்லை.

"மிஸ், பிள்ளையளப் பிடிச்சு வச்சது நீங்க. பஸ்ஸு போனது அதனால. எழுதும்போது மட்டும் காரணம் எம்பொண்ணா? எங்கிட்டச் சொல்ல வேண்டியத எனக்குப் புரியிற மாதிரி எழுதுங்க. கேலி பண்ணணும்னாலும் புரியிற மாதிரியே பண்ணுங்க."

டிசியை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். தலைமை ஆசிரியை டைரியை டீச்சர் பக்கம் தள்ளினார். அவர் சிவப்பு வரிக்குக் கீழே தமிழில் எழுதினார்: 'வகுப்பு ஐந்து மணி வரை நிறுத்தி வைக்கப்பட்டது.'

"யாரு நிறுத்தி வச்சாங்கன்னும் எழுதுங்க மிஸ்."

என்னை முறைத்தார். பிறகு அதை அடித்துவிட்டு, 'வகுப்பை நான் நிறுத்தி வைத்தேன்' என்று எழுதினார். அதற்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் சிரித்ததைப் பற்றி ஒரு பேச்சுகூட எழவில்லை. ஆனால் அதன்பிறகு என் மகளின் டைரியில் எல்லாம் தமிழில் வந்தது. விஷயம் தெரிந்து இன்னும் இரண்டு அம்மாமார் போய்க் கேட்டு, அவர்களுக்கும் தமிழிலேயே எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள். என்னால்தான் விட முடியவில்லை. அந்த டீச்சர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே ஓங்கிய என் கை மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது, அது ஆறக் கூடாது என்றும் நினைக்கிறேன்.