என் தங்கை கழுவிய காது மிஷின்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இன்று எனக்கு மூன்று பயணிகள் படகு, ஒரு பட்டறை. எல்லாம் என் கையால் வந்தது, இவன் தூக்கிவிட்டான் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட என்னை ஒரு கண்ணாடிக் கடைக்காரன் நிற்க வைத்துச் சிரித்தான். அந்தச் சூட்டில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத வேண்டியது என் தங்கையைப் பற்றி.

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. ரேடியோ தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை பார்த்தாள். அதை மூடியதும் ஒரு பெட்டி சாமானோடு வந்து, என் பட்டறை மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்கு இடம் பிடித்துக்கொண்டாள். கடலில் விழுந்த போன், கேமரா, டார்ச் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பாள். படகுத்துறையில் அவளுக்கு 'உப்பக்கா' என்று பெயர்.

யாரைப் பார்த்தாலும் ஒரே பாட்டு: "கடல்ல விழுந்துச்சா, பேட்டரியைக் கழட்டு. நல்ல தண்ணில போட்டு எங்கிட்ட கொண்டா. காய விட்டுடாதே. தண்ணி போயிடும், உப்பு உள்ளேயே உக்காந்து அரிக்கும்." கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், மறைப்பானேன்.

என் பெரிய படகை இருபது வருடமாக ஓட்டுகிறவர் இன்ஜின் சத்தத்திலேயே காதைத் தொலைத்தவர். காது மிஷின் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார். போன மாதம் கயிறு கட்டும்போது வழுக்கி, மிஷினோடு கடலில் விழுந்தார். மூன்றாம் நாள் துறைமுக ஆபீசில் காது பரிசோதனை. மிஷின் வேலை செய்யாவிட்டால் லைசென்ஸ் போச்சு. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

தங்கை சொல்லி வைத்தபடி, மிஷினைக் குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்து வந்தார். நான்தான், "அவ கிடக்கிறா, பெரிய இடத்துக்குப் போவோம்" என்று மிஷின் விற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "பெரியவரே, தண்ணில விழுந்ததைத் தண்ணிலயே ஊறப் போட்டிருக்கீங்க. ஊறுகாயா?"

பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான்.

"கடல் தண்ணின்னா நாங்க தொடவே மாட்டோம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. வர பத்து நாள் ஆகும்."

மிஷினைத் திறக்கவில்லை. மூடியைக்கூடத் தொடவில்லை. பார்க்காமலே செத்துப்போச்சு என்று சொல்ல இவன் யார்? முழுகிப்போன இன்ஜினை மூன்று தடவை மேலே எடுத்து ஓட விட்டவன் நான். என்னிடமா?

தங்கையிடம் வந்தோம். "பெரிய இடத்துல என்ன சொன்னாங்கண்ணே?" என்றாள், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மிஷினைப் பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில் அலசினாள். அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கொட்டிவிட்டு மறுபடி அலசினாள். மறுபடி நாக்கு. படகோட்டிக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, அது என் காதுல இருந்ததும்மா," என்று கத்தினார். மிஷின் இல்லாவிட்டால் அவர் எதையும் கத்தித்தான் சொல்வார்.

அவள் அவர் காதோரம் போய்ப் பதிலுக்குக் கத்தினாள்: "தெரியுதுண்ணே. உப்பைவிடக் காது அழுக்குதான் ஜாஸ்தி." பட்டறையே சிரித்தது.

ஏழாவது தண்ணீரில்தான் உப்பு போனது. பிறகு ஸ்பிரிட், பழைய பல் பிரஷ். ஸ்பீக்கர் மட்டும் போயிருந்தது. பழைய மிஷின் ஒன்றிலிருந்து அரிசி அளவு ஸ்பீக்கரை எடுத்துப் பற்றவைத்தாள். ஒரு நாள் முழுக்க மேஜை விளக்கடியில் காய வைத்தாள். "காய்ஞ்சு வந்திருந்தா நானும் கையை விரிச்சிருப்பேன்" என்றாள். மிஷின் பேசியது.

மூன்றாம் நாள் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். குமாஸ்தா காகிதத்தைப் புரட்டினான். "மிஷின் கடல்ல விழுந்துச்சாமே? கம்பெனி சீல் எங்கே?"

"என் தங்கச்சி சரி பண்ணிட்டா."

"உங்க தங்கச்சிகிட்ட சீல் இருக்கா?"

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. காது பரிசோதிக்க உட்கார்ந்திருந்த டாக்டரும் பரிசோதிக்காமல் காகிதத்தை ஓரம் தள்ளினார். குமாஸ்தா அறையின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பியூனிடம் ஏதோ முணுமுணுத்தான். எனக்குக் கேட்கவில்லை. என் காது நல்ல காது.

படகோட்டி எழுந்தார். "செவிட்டுக் கிழவனுக்குப் படகு ஒரு கேடான்னு கேக்கறீங்க. அது கேடு இல்லைங்க, அதுலதான் என் சோறு."

பியூன் தரையைப் பார்த்தான். டாக்டர் குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரம் தள்ளிய காகிதத்தை இழுத்து வைத்துப் பரிசோதனையைத் தொடங்கினார். எல்லாச் சத்தத்துக்கும் படகோட்டி கை தூக்கினார். கையெழுத்து விழுந்தது.

அந்தக் காகிதத்தில் 'மிஷினைச் சரி செய்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. குமாஸ்தா அதில் ஒரு கோடு போட்டான். ஏழு தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவளுக்கு ஒரு கோடு. பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி, அந்தக் கோட்டின் மேலேயே 'என் தங்கை' என்று எழுதினேன். கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் வேறொரு கேமராவை அலசிக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கட்டும்ண்ணே. குளிக்கும்போது கழட்டி வைக்கணும்னு அவர்கிட்ட சொன்னியா?"