முடிந்து வைத்த தகர நாணயங்கள்

மலைமேல் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா வந்த வருஷம், கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. நான் அங்கே ஓவிய ஆசிரியை. கல்வராயன் மலைக்கு விரும்பி வேலைக்கு வந்தவர்கள் யார்? நானும் மாற்றல் உத்தரவைப் பார்த்து அழுதுவிட்டு வந்தவள்தான். அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த மகளை நைனார்பாளையத்தில் கணவரிடம் விட்டுவிட்டு, திங்கட்கிழமை மலையேறி சனிக்கிழமை இறங்குவேன்.

விழாவுக்குப் பிள்ளைகளே ஒரு நினைவு நாணயம் செய்யட்டும் என்றார் தலைமை ஆசிரியர். சொல்வதற்கு என்ன, சுலபம்தான். விடுதிச் சமையலறையில் கிடந்த எண்ணெய் டின்களை வெட்டி வட்டம் வட்டமாக நறுக்கினேன். விளிம்பைக் கல்லில் தேய்த்து, தகரத்தை மடித்த சாக்கின்மேல் வைத்து, மழுங்கிய ஆணியால் பின்பக்கம் அழுத்தி வரைய வேண்டும். திருப்பினால் படம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

"எது மறக்கக் கூடாதோ அதைத்தான் காசுல போடணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "விளையாட்டு இல்ல, இது நெஜக் காசு மாதிரி." அவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம் சாலைமறியல் தொடங்கியது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள், பஸ் நின்றுபோயிற்று. கோடாலி எடுத்தவர்களில் என் தம்பியும் ஒருவன். அவர்கள் கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் விடுதிக்குச் சாமான் சுமந்துகொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே ஏறி வந்தவர் சொன்ன செய்தியைக் கேட்டதும் நியாயமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

"டீச்சர், உங்க வூட்ல பாப்பாவுக்கு ஜுரம் ஜாஸ்தியா இருக்குதாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ வண்டியே கெடைக்கலயாம். உங்க வூட்டுக்காரரு சொல்லி அனுப்புனாருங்க."

உடனே இறங்கப் போனேன். வழியெல்லாம் கல்லெறி நடக்கிறது, ஒருத்தியாகப் போகக் கூடாது, காலையில் துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று தலைமை ஆசிரியர் தடுத்துவிட்டார். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வகுப்புக்குப் போனேன். ஆணி தகரத்தில் கீறும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

"இன்னா டீச்சர், அழுவுறீங்க?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. பிள்ளைகளிடம் சொல்லக் கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வேன்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

காலையில் புறப்படும் முன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள வகுப்பறைக்குப் போனால் மேஜைமேல் ஒரு நாணயம்கூட இல்லை. இருந்த ஆத்திரமெல்லாம் அங்கே வெடித்தது. அதே பெண் மெதுவாக எழுந்தாள்.

"நாங்கதான் டீச்சர் எடுத்தோம். மஞ்சத்துணியில முடிஞ்சி கோயில் மரத்துல கட்டிட்டோம். பாப்பாவுக்கு நல்லாவணும்னு."

"அதுக்கு நெஜக் காசு வேணும்டி!"

"எங்ககிட்ட ஏது டீச்சர்? நீங்கதான இதுவும் காசுன்னீங்க."

அங்கே நோய் கண்டால் காசு முடிந்து வைப்பார்கள். நோய் தீர்ந்தபிறகுதான் அவிழ்ப்பார்கள். விழா நெருங்குகிறது, போய் எடுத்து வாருங்கள் என்று தலைமை ஆசிரியர் அதட்டினார். "நல்லாவாம அவுக்கக் கூடாதுங்க சார்" என்றாள் அவள். ஒரு பிள்ளைகூட இடத்தைவிட்டு அசையவில்லை.

கீழே இறங்கி, விழுந்து கிடந்த மரங்களை ஏறித் தாண்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பிதான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தான் வெட்டிய மரங்களையே தாண்டி ஓடி வந்திருக்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றான். மூளைக்காய்ச்சல், தாமதமாகத்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள், ஆனாலும் பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர். ஜுரம் விட்டபிறகு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. உடம்பு அசதி, போகப்போகச் சரியாகும் என்றார் கணவர். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் மலைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் நிறுத்தத்திலேயே காத்திருந்தார்கள்.

"பாப்பா நல்லாயிடுச்சா டீச்சர்? அவுக்கலாமா?"

"ஜுரம் வுட்டுடுச்சு" என்றேன். கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

முடிச்சை அவிழ்த்து நாணயங்களையெல்லாம் என் முன் கொட்டினார்கள். அந்தப் பெண் ஒன்றைத் தனியே எடுத்துக் கொடுத்தாள். அதில் பள்ளிக்கூடம் இல்லை, மலை இல்லை. கவுன் போட்ட ஒரு சின்னக் குழந்தை, வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. "உங்க பாப்பா. இத்த விழாவுக்கு வெக்காதீங்க, வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். மகள் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து சொப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடத் துணிவில்லை. பையிலிருந்து அந்த நாணயத்தை எடுத்து, அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் போட்டேன்.

"இன்னா வுழுந்துச்சு?" என்று தோட்டத்திலிருந்து கணவர் கேட்டார்.

மகள் சொப்பை அடுக்கிக்கொண்டே இருந்தாள். குனிந்து எடுத்து, இன்னொரு முறை போட்டேன்.