ஹாரனில் வந்த ஆட்டம்

திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் எங்கள் பஸ் நகரவே இல்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் நம் கிரிக்கெட் அணி டெஸ்டின் கடைசி நாள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பக்கத்து லாரி டிரைவரிடம் ஸ்கோர் கேட்கிறேன்.

"போனு செத்துப்போச்சு. ஹாரனைக் கேளு சார். ஹார்பர் கேட்டாண்ட டீக்கடைல டிவி கீது. மொத வண்டிக்காரன் பாத்து அடிப்பான், அப்டியே ஒவ்வொரு வண்டியா வரும். ஒரு தபா அடிச்சா ஃபோரு. நிறுத்தாம அடிச்சா ஜெயிச்சிட்டோம்."

முந்தாநாளிலிருந்து இவர் வண்டியிலேயே கிடக்கிறாராம். "நம்ம பிளேயருங்களும் பாவம் சார். கிரவுண்டை வுட்டா ஓட்டல் ரூமுதான், வெளிய வுடுறதில்ல. பாதி பேருக்கு அடி வேற." மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கடலைக் காட்டுகிறார். "அதோ, அந்தக் கப்பல் ஆளுங்களையும் கொரோனான்னு எறங்க வுடல."

தூரத்தில் ஒரு ஹாரன் எழுகிறது. அது நிற்கவில்லை. லாரி லாரியாக எங்களை நோக்கி வருகிறது. இவரும் அழுத்துகிறார், எங்கள் பஸ் டிரைவரும் அழுத்துகிறார். என் சீட்டு அதிர்கிறது. சத்தம் எங்களைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் போய் மெல்ல அடங்குகிறது.

அப்போது கடலிலிருந்து, நீளமாக, கப்பலின் சங்கு ஒலிக்கிறது.