வசன எண் வாசிக்காத செனைதா

மேடையேறியதும் செனைதா முதலில் செருப்பைக் கழற்றுவாள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், காலில் ஆணி. பிறகு ஒரு மடக்குக் காப்பி, ஒரு கனைப்பு. கீழே எண்பது பேர் ஹவானாச் சுருட்டுச் சுற்றுகிறார்கள். கை ஓடும்போது காதுக்குக் கதை வேண்டும். அதைப் படித்துக் காட்டுவதுதான் இவள் வேலை. கதை பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள்.

எதைப் படிப்பது என்று தொழிலாளர்களே ஓட்டுப் போடுவார்கள். இந்த மாதம் ஜெயித்தது வேதப்புத்தகம்.

"ஏம்மா, ஞானஸ்நானமும் உண்டா?" என்று சுருட்டுச் சுற்றும் யூசேபியோ சீண்டினான்.

"கதையைக் கேளுய்யா. உன் பாவத்துக்குத் தண்ணி பத்தாது."

அதிகார எண், வசன எண் எதையும் வாசிக்க மாட்டாள். கடவுளுக்குத் தன் மாமனார் குரல். சாத்தானுக்கு ரேஷன் கடைக்காரர் குரல். கூடமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிக்காதவள் மூன்றாம் வரிசை நியேவெஸ். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். கள்ளத்தனமாகக் கடல் தாண்டப் படகேறிப் போன ஒரே மகனைப் பற்றி ஆறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. வேத வசனங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். "ஆண்டவர் வார்த்தையை நாடகமாக்குறியேடி, நல்லாயிருப்பியா நீ?" தினமும் அவள் கத்தி மட்டும் தரையில் விழுந்தது. எண்பதில் ஒன்றுதானே என்று செனைதாவால் விட முடியவில்லை. பாவி மனசு, அந்த ஒருத்தியின் தட்டுக்கே ஏங்கிக் கிடந்தது.

நேற்று, எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு மனிதனின் கதை முடிந்தது. செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்குப் பதில் கடவுள் புதிதாகப் பத்துப் பிள்ளைகளைக் கொடுத்தார். செனைதா கண்ணாடியைக் கழற்றினாள்.

"பழைய பத்துப் பேரைப் பத்தி ஒரு வரி இல்லையே! எழுதினவன் மறந்துட்டானா? இல்ல, எழுத மனசு வரலையா?"

நியேவெஸ்தான் வாய் திறந்தாள்.

"பெத்தவ ஒருத்தி இருக்கால்ல அந்தக் கதையில? அவ மறந்திருக்க மாட்டா."

"ஆமாக்கா. அவளைத்தான் யாருமே கேக்கல."

நியேவெஸ் கத்தியைத் தூக்கினாள். தரையைப் பார்த்தாள். பிறகு பலகையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் எண்ணினார்கள். பத்தில் நின்றது.

சற்றுப் பொறுத்து, மெதுவாக, இன்னொரு தட்டு தட்டினாள்.