கடைசி வரிசை அக்கா

"நேரா பாருங்க. என்னைப் பார்க்காதீங்க, என் நெத்தியைப் பாருங்க. அந்தக் குடை நாடகம் பார்த்துட்டீங்களா?"

கண்ணாடிக் கடைக்கு வந்தவரின் மூக்கில் புது பிரேமை வைத்து, காதோரம் இரண்டு பக்கமும் விரலால் பிடித்திருக்கும்போதுதான் அக்கா இதைக் கேட்பார். தலையை ஆட்டினால் அளவு தப்பிவிடும் என்பதால் வந்தவர் அசைய மாட்டார். அசையாத ஆள் கிடைத்தால் அக்காவுக்குக் கொண்டாட்டம்தான்.

"பார்க்கலையா, நல்லது. மேடையில நிஜ மழை பெய்யுது. முன்வரிசைக்கெல்லாம் சாரல் அடிக்குது. நனைஞ்சவங்க ஆஹா ஓஹோங்கறாங்க. நனையாம உட்கார்ந்திருந்த எனக்குத்தானே தெரியும், அந்த மழைக்குக் கீழ கதையே இல்லைன்னு." பேனாவால் கண்ணாடியில் ஒரு புள்ளி வைப்பார். "உங்க இடது கண்ணு கொஞ்சம் உள்வாங்கி இருக்கு. ஆனா அந்தக் குடைக்காரனா வர்றவன் கெட்டிக்காரன். வேற நாடகத்துல போட்டா பொழைச்சுக்குவான்."

அக்காவுக்கு எந்த நாடகத்தின் பெயரும் நினைவில் நிற்காது. குடை நாடகம், கதவு நாடகம், அழுகை மாமா நாடகம் என்று அவரே பெயர் சூட்டிவிடுவார். அரங்கத்தில் டிக்கெட் கொடுப்பவருக்கு அது பழகிவிட்டது. "அழுகை மாமாவுக்கு ஒண்ணு" என்றால் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார், எந்த வரிசை என்று கேட்காமலே. அந்த அரங்கத்தில் வாயில்காப்பவர் முதல் விளக்குப் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கடைசி வரிசை அக்காதான்.

முன்னால் இடம் காலியாக இருந்தாலும் போக மாட்டார். "முன்னாடி உட்கார்ந்தா நாடகம் மட்டும் தெரியும். கடைசியில உட்கார்ந்தா நாடகம் என்ன பண்ணுதுன்னு தெரியும்" என்பார். இருட்டில் தெரியும் தலைகளை வைத்தே அவர் நாடகத்தை எடை போடுகிறார். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், பின்மண்டைக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்பது அவர் கட்சி. இருமலுக்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "ஒருத்தர் இருமினா சளி. ஊரே இருமினா வசனம் சரியில்ல."

அழுகை மாமா என்பவர் இப்போது பெரிய நடிகர். அவர் மேடையில் கண்ணீர் விட்டால் பத்திரிகைகள் உருகுகின்றன. அக்கா மசியவில்லை. "அவரே எல்லாத்தையும் அழுது தீர்த்துட்டா நமக்கு என்ன மிச்சம்? நாம போனது எதுக்கு, கைக்குட்டை பிடிக்கவா?" பாட்டு நாடகங்கள் என்றால் இன்னும் கறார். பேசி மாளாத இடத்தில்தான் பாட்டு வரவேண்டுமாம். "இவங்க டீ வேணுமான்னு கேக்கறதுக்கே பாடுறாங்க. டீ ஆறிப்போயிடுது."

குறை சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர் என்று நினைத்துவிடக்கூடாது. பிடித்துவிட்டால் அக்காவைக் கட்டிப்போட முடியாது. கதவு நாடகத்தைப் பார்த்த மறுநாள் கடையே அமளிதுமளிப்பட்டது. மேடையில் ஏழு கதவு, ஓடி ஒளிகிறவர்கள் எட்டுப் பேர். கதவு கிடைக்காமல் அந்த எட்டாவது ஆள் படுகிற பாட்டைச் சொல்ல அக்காவுக்கு வாய் போதவில்லை. பிரேம் அடுக்கிய அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி நடித்துக் காட்டினார். கடைசியில் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பவரின் கதவைத் திறக்க, அவர் வாயில் பன்னோடு நின்றார். "இதே மாதிரிதான், இதே முழிதான்" என்று அக்கா கைதட்டினார்.

யானைக்கும் அடி சறுக்கும். குடை நாடகம் ஒரு வாரம் தாங்காது என்று அடித்துச் சொன்னார். அது இன்னும் அரங்கு நிறைந்து ஓடுகிறது. கேட்டால், "ஓடறது வேற, நல்லா இருக்கறது வேற. வீட்டுக் குழாயும்தான் ஓடுது" என்கிறார்.

அவர் வாயைவிட அவர் காலை நம்பலாம். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இருக்கைக்கு அடியில் ஜோடியாக வைப்பார். நாடகம் தொய்ந்தால் வலது கால் தானாகச் செருப்பைத் தேடிப் போகும். கட்டைவிரல் நுழைந்தால் ஆபத்து. இரண்டு காலும் நுழைந்துவிட்டால் அந்த நாடகத்தின் கதை முடிந்தது என்று அர்த்தம். இது அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம். முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய நாத்தனார்.

நாத்தனார் பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை பார்க்கிறவர், மாலையில் பாடுகிறவர். அவர் மேடை ஏறுவதற்கு முன்பு இருவரும் சேர்ந்தேதான் நாடகம் பார்ப்பார்கள். "அண்ணி, கால் போகுது" என்று இருட்டில் காதைக் கடிப்பார். பிறகு அவரே மேடை ஏறினார். போன வருடம் ஒரு நாடகத்தில் அரசியாக வந்து உயிரை விட்டார். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அக்காவின் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ சாகறப்ப, எனக்கு ஊறவச்ச துணியெல்லாம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு."

நாத்தனார் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணனிடம் மட்டும் போனில் பேசுவார். அக்கா தனியாக நாடகத்துக்குப் போய், பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டார். பைக்கு என்ன தெரியும். இடைவேளையில் திரும்பிப் பேச வாயெடுத்து மூடிக்கொள்வார்.

இந்த மாதம் நாத்தனாருக்குக் கதாநாயகி வேடம் கிடைத்தது. கலங்கரை விளக்கைக் காக்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு நாடகம். அக்காவின் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். தங்கை போனில் சொன்னதை வரி பிசகாமல் வந்து ஒப்பித்தார். "அண்ணியைக் கூட்டிட்டு வா. கருத்து ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடு." பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தன் பங்குக்கும் ஒன்று சொன்னார். "இந்த ஒரு தடவை நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடேன். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. இன்னொரு தடவை கோவிச்சுக்கிட்டுப் போனா அவ திரும்ப வரமாட்டா."

அக்கா சரி என்றார். ஆனால் பொய் சொல்லும்போது அவர் முகம் கோணிக்கொள்ளும், அதை நாத்தனார் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். எனவே பயிற்சி தேவைப்பட்டது. கண்ணாடிக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கா பஞ்சம். அக்கா ஒன்றின் முன்னால் நின்று, கண்ணை அகல விரித்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு, அசந்தே போயிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் மஞ்சள் பிரேமைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தபால்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, முகமெல்லாம் பல்லாக அதையே வாங்கிப் போனார். பாவம், அவருக்கு அது எள்ளளவும் பொருந்தவில்லை.

நாடக நாளில் கணவர் தூங்கவில்லை. எந்த அரங்கிலும் விளக்கு அணைந்ததும் கண்ணயர்ந்து, கைதட்டலுக்கு எழுந்து தானும் தட்டுகிறவர், அன்று மேடையைப் பார்க்கவே இல்லை. மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டில் கால் அடக்கமாக இருந்தது. இரண்டாவதிலும் பழுதில்லை. மூன்றாவது பாட்டில் கடற்பறவைகளாக வேடமிட்ட பத்துப் பேர் வந்து இறக்கை விரித்து ஆடினார்கள். முன்வரிசையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமினார். அக்காவின் வலது கால் மெல்ல நகர்ந்தது. கட்டைவிரல் செருப்புக்குள் போயிற்று. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு மேடையில் புயல் வந்தது. கலங்கரை விளக்கு அணைந்துவிட்டது, நடுக்கடலில் படகுகள் தத்தளிக்கின்றன. விளக்குக்காரி இருட்டில் நின்று, தன் குரல் வரும் திசையைப் பார்த்துப் படகோட்டிகள் கரை சேரட்டும் என்று பாட ஆரம்பித்தாள். வாத்தியம் இல்லை, வெளிச்சம் இல்லை, குரல் மட்டும். ஓர் இருமல் எழவில்லை. வாசல் விளக்கின் மங்கலில் வரிசை வரிசையாகத் தெரிந்த பின்மண்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, அவர்களும் படகில் இருப்பதைப் போல. அக்காவும் சாய்ந்தார். கணவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் இருந்த இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

திரை விழுந்ததும் அக்கா எழுந்த வேகத்தில் இருக்கை படாரென்று மடங்கியது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று படியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கினார். கணவர் பின்னாலேயே ஓடினார். மேடைக்குப் பின்புற நடையில், விளக்குக்காரியின் அங்கியோடு நாத்தனார் நின்றிருந்தார். பாதி ஒப்பனை கலைந்திருந்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

அக்கா வாயைத் திறந்தார். இத்தனை நாள் கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியம் வரவில்லை. மூச்சு இரைக்க, கண்ணில் நீர் தளும்ப, வந்தது இதுதான். "அந்த மூணாவது பாட்டு எதுக்கு? அந்தப் பறவைங்களை யாரு கூப்பிட்டா?"

கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பழைய பழக்கத்தில், நாத்தனாரின் பார்வை அண்ணியின் காலுக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணி," என்றார், "செருப்பு எங்க?"

அக்கா குனிந்து பார்த்தார். யாரோ படியில் போட்டுவிட்டுப் போன டிக்கெட் துண்டு வெறுங்கால் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.