சில்லில் விழுந்த என் கட்டைவிரல்

இன்று மகள் மதுரையிலிருந்து ராஜபாளையம் வந்தாள். மூன்று வருடமாகச் சிலிக்கானில் துளை போடும் ஆராய்ச்சி செய்கிறாள்.

"ஓட்டை விழுந்த சரக்கை நான் திருப்பி அனுப்புவேன். நீ ஓட்டை போடவா படிக்கே?" என்று எப்போதும் கேலி செய்வேன்.

இந்தத் தடவை பஞ்சில் பொதிந்து, நகத்தளவு சில்லு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். "ஓட்டை போட்டாத்தான் இது புற ஊதா விளக்குக்கு அடியில வெளிச்சம் விடும்ப்பா. நல்லா வந்தது இது ஒண்ணுதான். திங்கக்கிழமை பேராசிரியர்ட்ட காட்டணும்."

நூல் வியாபாரியின் கை சும்மா இருக்குமா? எதையும் தேய்த்துப் பார்த்தே பழக்கம். சில்லின் மேல் பழுப்பாக ஏதோ கறை. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

அவள் முகம் செத்துப்போனது. "அப்பா, அந்தக் கறைதான் என் வேலை. ஓட்டை அம்புட்டும் அதுலதான் இருக்கு."

நூல் சுற்றி வரும் கோனில் வேறு ரகம் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் புற ஊதா விளக்கு எங்கள் குடோனில் உண்டு. கதவைச் சாத்திவிட்டு அதன் கீழே சில்லை வைத்தாள்.

ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. நடுவில் என் விரல் பட்ட இடம் மட்டும் இருட்டு.

"சுத்தி இருக்கதே அளக்கப் போதும்," என்றாள். சில்லை மறுபடி பஞ்சில் பொதிந்துகொண்டே, "நடுவுல நீங்க இருக்கீங்க. இருந்துட்டுப் போங்க."

நான் சொல்லச் சொல்ல, பிரவுசிங் சென்டரில் இதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். பிள்ளையின் வேலையைத் துடைத்து வைத்த தகப்பன் நம் இணையக் குழுவில் வேறு யாராவது உண்டா? இருந்தால் எழுதுங்கள், எனக்குத் துணை வேண்டும்.