முன்பாதி கார், பின்பாதி லாரி

மோட்டார் வாகன அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஏறக்கூடிய படிகளையெல்லாம் ஏறி, ஓய்வு பெற்றவன் நான். ஒரு காரின் பின்பாதியை அறுத்துவிட்டுப் பலகை அடித்துப் பிக்கப் ஆக்க வேண்டுமானால் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், எந்த அதிகாரி வண்டியை எந்தப் பக்கம் நின்று பார்ப்பார், 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம், 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நானே உடனிருந்து அறுத்து ஒட்டிய பிக்கப் வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். அதன் நீளம் ஒரு சாண். அனுமதி தர வேண்டியவர் என் அம்மா.

அறுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான வருஷம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு, ஆபீஸ் திருச்சியில். என் மனைவிக்குப் புக்ககத்தில் அது முதல் கொலு. எங்களவர்களில் கல்யாணத்தின்போதே பெண்ணோடு ஒரு ஜோடி மரப்பாச்சி பிறந்த வீட்டிலிருந்து வந்துவிடும். முதல் கொலுவில் அது படியேறும். பார்க்க வருகிற மாமிகள் அனைவரும் முதலில் தேடுவது அதைத்தான். என் மனைவிக்கோ அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணா ஒருவர்தான் மிச்சம். அவர் வந்து கல்யாணத்தை நடத்திவிட்டு, அந்த வாரமே கப்பலேறிவிட்டார். மரப்பாச்சி யாருக்கும் நினைவில்லை.

ஆனியில் அவள் அண்ணாவுக்கு எழுதினாள். ஆவணிக் கடைசியில் பார்சல் வந்தது. 'இங்கே மரப்பாச்சி கிடைக்கவில்லை, உனக்குப் பிடிக்குமே என்று இதை அனுப்புகிறேன்' என்று ஒரு வரி. உள்ளே இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றின் மேல் வால் நீண்ட அமெரிக்கக் கார் படம், மற்றதன் மேல் லாரி படம். திறந்தால் காரும் இல்லை, லாரியும் இல்லை. பிளாஸ்டிக் கொடிகளில் காய் காய்த்ததுபோல் கதவு, சக்கரம், பம்பர், ஸ்டியரிங் எல்லாம் தொங்கின. நாமே பிய்த்து நாமே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்.

எட்டு வயதில் தையல் மிஷினைக் கழற்றி மாட்டியவள் என் மனைவி. தங்கைக்கு எது பிடிக்கும் என்பது அந்த அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. கொலுவுக்கு எது பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை.

கப்பலில் எந்தப் புண்ணியவானோ பார்சலின் மேல் எதையோ இறக்கியிருந்தான். காரின் பின்பாதி நொறுங்கியிருந்தது. லாரியின் முகம் அப்பளமாகியிருந்தது. நான் உச்சுக்கொட்டினேன். அவள் காரின் முன்பாதியை எடுத்து லாரியின் பின்பாதியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஏன்னா, நம்ம பக்கத்துல வாழைக்காய் ஏத்திண்டு போற பிக்கப் எல்லாம் இப்படித்தானே இருக்கு? முன்னாடி யாரோ பணக்காரனோட பழைய காரு, பின்னாடி பலகை."

"அதுக்கு அனுமதி வாங்கணும்" என்றேன்.

"யார்கிட்ட?"

சமையலறைப் பக்கம் கை காட்டினேன்.

அம்மா பெட்டிகளைப் பார்த்தாள். கொலுப் படியில் பெருமாள், தாயார், ஆழ்வார்கள், தசாவதார செட், கடைசிப் படியில் செட்டியார் கடை. படிக்குக் கீழே தரையில் மணல் கொட்டிப் பார்க். அதில் கண்ணாடிக் குளம், தகர ரயில். தரையில் இருப்பது விளையாட்டு, படியில் இருப்பதுதான் கொலு. இதில் அம்மாவுக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

"பண்ணுங்கோ, நன்னாப் பண்ணுங்கோ. அமாவாசைக்கு முடிச்சா பார்க்குல ரயிலுக்குப் பக்கத்துல வெச்சுக்கலாம்."

"படியில வைக்கலாமாம்மா?" என்று என் மனைவி கேட்டாள். "எங்காத்துலேந்து வந்தது இது ஒண்ணுதான்."

"மோட்டார் வண்டியையா? பெருமாளுக்குக் கீழயா? நன்னாருக்கே!"

அவள் மாடியறைக்கு வந்து ஆக்ஸா பிளேடை எடுத்துக் காரை அறுக்க ஆரம்பித்தாள். அறுத்த வேகத்தைப் பார்த்து நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் சாயங்காலங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. நாலரைக்கே என் கால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பிவிடும். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தால் டிரைவரைச் சபிப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே மாடி. அவள் அன்று என்ன ஒட்டினாள், என்ன ஒட்டவில்லை என்று அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பழகியதே அந்த வண்டியை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் 'குழம்புக்கு உப்புப் போதுமா?', 'போதும்' என்ற அளவில்தான் எங்கள் தாம்பத்தியம் இருந்தது.

சிக்கல்களுக்குக் குறைவில்லை. இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் செய்தவை அல்ல. கார் கொஞ்சம் பெரிய கணக்கு, லாரி கொஞ்சம் சின்னக் கணக்கு. என்ன இருந்தாலும் லாரிச் சக்கரம், பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உயரம். வண்டி எப்போதும் குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றது. அந்தப் பக்கத்து நிஜப் பிக்கப்புகளும் அப்படித்தான் நின்றன என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது ஸ்டியரிங்கை.

"இடது பக்கம் ஸ்டியரிங். இந்த ஊர் ரோட்டுக்குச் சரிப்படாது."

"கொலுவுல யார் ஓட்டப்போறா?"

"யார் ஓட்டினாலும்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாஷ்போர்டை மூன்று துண்டாக வெட்டி ஸ்டியரிங்கை வலப்பக்கத்துக்கு மாற்றினாள். அதன் பிறகு பெட்ரோல் முள், வேக முள் எல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டுமே தெரியும்படி அமைந்துவிட்டது. அதைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பில் கீழிருந்து அம்மா, "என்னடா அங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஸ்டியரிங்!"

"கல்யாணமானதுலேந்து இவனுக்கு என்னவோ ஆயிடுத்து" என்று அம்மா அடுப்பிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. இன்னும் சிரித்தோம்.

பெட்டியோடு வந்த பசை கப்பலிலேயே காய்ந்து கல்லாகியிருந்தது. என் மனைவி வேதியியல் பட்டதாரி. வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் கலக்குகிற தின்னர் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னாள். மிஞ்சிய பிளாஸ்டிக் கொடிகளைத் துண்டு துண்டாக வெட்டி அதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கொடி கரைந்து பாயசமாகியது. அதைத் தடவினால் காரும் லாரியும் பிறவியிலேயே ஒன்றுபோல் ஒட்டிக்கொண்டன. 'தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்' என்ற மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்ததற்காக அன்று நாங்கள் இரண்டாம் டோஸ் காபி குடித்துக் கொண்டாடினோம்.

மறுநாள் பாலக்கரையில் எனக்குத் தெரிந்த பாய் கடைக்குப் போனேன். வண்டிப் பெயிண்ட் அவர் கடையில்தான் நயம்.

"வாங்க சார், உக்காருங்க. உங்களுக்கே வண்டியா? மாஷா அல்லாஹ்! என்ன வண்டிங்க?"

"பிக்கப்."

"எத்தன லிட்டர் கலக்கட்டும்?"

"ஒரு கரண்டி."

பாய் எழுந்து நின்றார். "ஹெட்லைட்டுக்கு மட்டுமா சார்?"

"வண்டியே ஒரு சாண்தான் பாய்."

"அப்ப உங்க ஆபீசுக்குக் கொண்டு வர வேணாம். சட்டைப் பையில வெச்சே பாஸ் பண்ணிரலாம்!" என்று கடை அதிரச் சிரித்து, ஊதாப் பெயிண்டில் ஒரு சொட்டு வெள்ளை கலந்து, பதத்துக்குத் தின்னர் விட்டுக் கொடுத்தார்.

நிஜ வண்டிக்கு நிஜப் பெயிண்ட் என்பது என் கொள்கை. தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று முந்தின நாள் கொண்டாடிய அதே இரண்டு பட்டதாரிகள், தின்னர் கலந்த பெயிண்டை முழு பக்தியோடு கூரையிலும் பானெட்டிலும் பூசினோம். வண்ணம் என்னவோ அற்புதம். நாங்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து ரசித்துக்கொண்டிருக்கும்போதே பானெட்டில் பாலாடை கட்ட ஆரம்பித்தது. கூரை மெதுவாக உள்ளே இறங்கியது. ஓட்டுநர் இருந்திருந்தால் அவர் தலையில் உட்கார்ந்திருக்கும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அண்ணா அனுப்பியது, பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரே பொருள், அமாவாசைக்கு மூன்று நாள். அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், "பட்டம் வாங்கினோமே ரெண்டு பேரும்" என்றாள். அவ்வளவுதான். தரையில் உருண்டு சிரித்தோம். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எத்தனை பங்கு சிரிப்பு என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை அம்மாவே மாடியேறி வந்துவிட்டாள். வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா பிறந்தது தொட்டியத்தில். வாழைக்கொல்லைக்கு நடுவில் வளர்ந்தவள்.

"கூரை நசுங்கினா என்ன? எங்க ஊர் வண்டியில எதுல கூரை தெரியறது? தார் அடுக்கறவன் கூரைக்கு மேல, பானெட்டுக்கு மேலன்னு அடுக்கிண்டே போவான். டிரைவர் பார்க்கறதுக்கு ஒரு ஜன்னல் விட்டாப் போதும்."

"அது ஓவர்லோடும்மா" என்றேன்.

"போடா, பெரிய ஓவர்லோடு."

மீதி வண்டிக்கு, கிருஷ்ணன் பொம்மைக்கு வருஷா வருஷம் பூசுகிற நீலத்தைக் கோந்து கலந்து அம்மாவே கொடுத்தாள். அரிசி மாவில் வெல்லமும் மஞ்சளும் சேர்த்து, மாவிளக்குக்குப் பிசைவதுபோல் பிசைந்து, நகத்தளவு வாழைப்பழங்களை உருட்டிச் சீப்பு சீப்பாகத் தாரில் ஒட்டினாள். மாமியாரும் மாட்டுப்பெண்ணும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தார் கட்டினார்கள். சருகுக்குப் பூண்டுத் தோல். ஏற்றி முடித்தபோது பாலாடையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. தொட்டியத்திலிருந்து அப்போதுதான் கிளம்பி வந்த வண்டி மாதிரி இருந்தது.

அமாவாசை சாயங்காலம் படி கட்டினோம். வண்டியை அம்மா தன் கையாலேயே எடுத்துக் கொண்டுபோய் மணலில், ரயிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தரையில்தான். என் மனைவி குளத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

முதல் நாள் வந்தவர்களில் எதிர்வீட்டு மாமியும் ஒருத்தி. இடுப்பில் தவழும் பருவத்துக் குழந்தை. பாடச் சொன்னால் மாமி கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். பல்லவி முடிவதற்குள் குழந்தை பார்க்குக்குப் போய்விட்டது. அனுபல்லவிக்குள் ஒரு தார் காலி. சரணத்தின் நடுவில் அது குனிந்து பம்பரைக் கடித்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துப் பாய்ந்தாள்.

மாமி போன பிறகு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னும் எட்டு நாள் இருக்கு. வரவா எல்லாரும் குழந்தையோடதான் வருவா. தரையில இருந்தா டயர்கூட மிஞ்சாது. படிக்கு ஏத்தினாத்தான் பிழைக்கும்."

என் மனைவி அதற்குள் வண்டியிடம் கையை நீட்டிவிட்டாள்.

"ஆனா வெச்சாச்சே! கொலுவுல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி தூக்கப்படாதே" என்று அம்மாவே சொல்லி, அம்மாவே தவித்தாள். மேலே பெருமாளைப் பார்த்தாள். பிறகு, கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாக, என் உத்தியோகத்தை மதித்து என்னைப் பார்த்தாள். "ஏண்டா, இதுக்கு ஏதாவது வழி உண்டோ?"

விதிகளை நன்றாகத் தெரிந்தவனுக்கு வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

"தொடலாமா?"

"தொடலாம். தூசி தட்டறோமே."

"தூக்கத்தான் கூடாது?"

"தூக்கப்படாது."

"இது பொம்மையா இருந்தா தூக்கித்தான் ஆகணும். வண்டிம்மா. தானே ஏறும். நாலு சக்கரமும் கீழேயிருந்து எழும்பாத வரைக்கும் யாரும் தூக்கினதா ஆகாது."

அம்மா யோசித்தாள். "மணையைக் கொண்டுவா" என்றாள்.

மணையைத் தரைக்கும் கடைசிப் படிக்குமாகச் சாய்த்தோம். என் மனைவி முன் பம்பரில் பூத்தொடுக்கும் நாரைக் கட்டினாள். நான் தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து, சக்கரம் எழும்புகிறதா என்று கண்காணித்தேன்.

"இழுடி, மெதுவா! மெதுவா!"

பாதி மணையில் பின்பாரம் தாங்காமல் வண்டி வழுக்கியது. இரண்டு தார் உருண்டது. அம்மா தாம்பாளத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, மலைப்பாதையில் கிளீனர் கல் போடுவதுபோல், பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். வண்டி நின்றது. ஒரு விரல் இழுப்பு, ஒரு பாக்கு. ஒரு விரல் இழுப்பு, ஒரு பாக்கு. "ரைட்டு, ரைட்டு, வரட்டும்!" என்று என் அம்மா, ஆசாரசீலை, மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு கூவினாள். என் மனைவி சிரிப்பில் கை நடுங்கி நாரை விட்டுவிடுவாளோ என்று நான் கீழேயிருந்து கத்தினேன். அதிகாரி தரையில் கிடந்து கத்துவதைப் பார்த்து அவள் இன்னும் நடுங்கினாள்.

முன்சக்கரம் படியைத் தொட்டது. பின்சக்கரமும் ஏறியது. செட்டியார் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றது வண்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

"அடடா, வரவாளுக்குப் பின்பக்கம்தானே தெரியும்?" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. செட்டியார் கடையில லோடு இறக்கறது" என்றாள் என் மனைவி.

அம்மா சிரித்தபடி, உருண்ட தார்களுக்குப் பதில் புதுசாக இரண்டு கட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வடக்கு வீதியிலிருந்து இரண்டு மாமிகள் வந்தார்கள். குங்குமம் இட்டுக்கொண்டதும் பெரிய மாமியின் கண் படிப்படியாக இறங்கியது. மரப்பாச்சியைத் தேடுகிறாள் என்று எனக்கே தெரிந்தது. என் மனைவி சுண்டல் கிண்ணத்தோடு கதவருகில் நின்றுவிட்டாள்.

"மாட்டுப்பொண்ணுக்குப் பொறந்தாத்துலேந்து கொலுவுக்கு என்ன வந்தது?"

"அதோ, படியில நிக்கறதே" என்றாள் அம்மா. "மத்தவாளுக்கெல்லாம் ரெண்டு மரக்கட்டை வரும். எங்களுக்குச் சிங்கப்பூர்லேந்து வண்டியே வந்திருக்கு, வாழைத்தாரோட!"

"சிங்கப்பூர்ல வாழைத்தாரா?"

"தார் தொட்டியத்துது. நடுவுல ஏத்திண்டது."

கதவருகில் சுண்டல் கிண்ணம் குலுங்கியது. பாதிச் சுண்டல் தரையில் சிதற, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவள் மாடிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.